சொந்தபந்தமும் எல்லைக்கோடும்: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஆராதனை முடிந்து மோட்டாரை எடுக்கப் போகும்போது, சில சமயம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்சாப்பில் குரல் பதிவாக, ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வந்துகொண்டே இருக்கின்றன. அண்ணன் பணம் கேட்கிறார், மாமியார் அலமாரியைத் திறந்து பார்க்கிறார், சித்தப்பா கடனுக்குக் காரண்டர் (பிணை) கையெழுத்துக் கேட்கிறார், விசுவாசியாக இருந்துகொண்டு எப்படி மறுப்பது? தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன், கேட்ட விதத்தை மாற்றவில்லை. வசனங்களை நீங்களே வேதாகமத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.

அக்கா, எல்லை எல்லைன்னு சொல்றீங்களே, சொந்தக்காரங்கள ஒதுக்கி வைக்கிறதா?

இல்லை. நான் எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று எனக்கே தெளிவாக இருக்க வேண்டும், அதை அவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். "அண்ணன் இனிமேல் குடிக்கக் கூடாது" என்று சொன்னால் அது அண்ணன் கையில் இருக்கிற விஷயம். "குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், காலையில் தெளிந்து வா, ஒன்றாகப் பசியாறலாம்" என்று சொன்னால் அது என் கையில் இருக்கிறது. முதலாவதைச் சொல்லி வருஷக்கணக்காகச் சண்டை போடலாம், இரண்டாவதை இன்றைக்கே செய்யலாம்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. அதே அதிகாரம், 5-ஆம் வசனம், அவனவன் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறது. இரண்டும் பவுல் எழுதியதுதான். அதனால் யார் என்ன கேட்டு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இந்த மனுஷருக்கு முடியவில்லையா, மனமில்லையா? கீழே பல இடங்களில் இந்தக் கேள்விக்கே திரும்பி வருவேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் இல்லையா? வேதத்துல எங்க இருக்கு?

ஆதியாகமத்திலேயே இருக்கிறது. ஆபிரகாமுடைய மேய்ப்பருக்கும் லோத்துவுடைய மேய்ப்பருக்கும் சண்டை வந்தபோது ஆபிரகாம் என்ன சொன்னார்? நமக்குள் வாக்குவாதம் வேண்டாம், நாம் சகோதரர், நீ இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போகிறேன் என்றார் (13-ஆம் அதிகாரம்). உறவு கெடக்கூடாது என்பதற்காகத்தான் பிரிந்து இருந்தார். அடுத்த அதிகாரத்திலேயே லோத்தை எதிரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும் 318 பேரைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டு வந்தார். தள்ளி இருந்தவர்தான் ஓடி வந்தார், அதை மறந்துவிடாதீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது யாக்கோபு, லாபான் கதை. 20 வருஷம் மாமனார் வீட்டில் வேலை செய்திருக்கிறார், பத்துத் தடவை சம்பளத்தை மாற்றினீர் என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார். கடைசியில் இருவரும் கற்களைக் குவித்து, இந்தக் குவியலைத் தாண்டி நானும் தீங்கு செய்ய வர மாட்டேன், நீயும் வரக்கூடாது என்று உடன்படிக்கை செய்கிறார்கள் (31-ஆம் அதிகாரம்). அந்தக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். விடிந்ததும் லாபான் பேரப்பிள்ளைகளுக்கும் மகள்களுக்கும் முத்தம் கொடுத்து, ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார். மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் கல்லால் போட்ட எல்லை அது. அதற்கப்புறம்தான் அந்தக் குடும்பத்தில் நிம்மதியாக ஒரு வேளைச் சாப்பாடு நடந்தது.

தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுன்னு கட்டளையே இருக்கு. அப்புறம் எப்படி அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்றது?

கனம்பண்ணுவது ஆயுசு முழுக்க. சின்னப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிவது வேறு. கல்யாணம் ஆனவர்களுக்கு ஆதியாகமம் 2:24 இருக்கிறது, தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருக்க வேண்டும். ஏசுவே தம் தாயும் சகோதரரும் வெளியே நின்று கூப்பிட்டு அனுப்பியபோது செய்துகொண்டிருந்த வேலையை விட்டு எழுந்து போகவில்லை (மாற்கு 3). ஆனால் சிலுவையில் தொங்கும்போது அந்தத் தாயை ஒரு சீஷன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிரை விட்டார் (யோவான் 19). இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள்.

அவர்களுக்கு மாற்கு 7. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன், கொர்பான், என்று சொல்லிக் கையைக் கழுவினவர்களை ஏசு கடுமையாகக் கண்டித்தார். வயதான அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்காமல் "நான் எல்லை வச்சிருக்கேன்" என்று சொன்னால் அதுவும் கொர்பான்தான். அப்பாவால் முடியவில்லை. அங்கே எல்லைப் பேச்சுக்கே இடமில்லை.

தோட்டத்துல இருந்தப்ப எல்லாம் ஒண்ணாத்தானே இருந்தோம்? டவுனுக்கு வந்ததும் எல்லையாம், கில்லையாம்!

இதைக் கேட்டவர் ஒரு பெரியவர், கோபமாகவே கேட்டார், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும், நாலு வீட்டுக்கும் கிண்ணம் போகும். விடியற்காலையில் பிரட்டுக்கு (பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு)ப் போகிறவர்கள் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள், ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார். வேலை போனால் வீடும் போகும் என்கிற பயத்தில் இருந்த சனங்களுக்குச் சொந்தபந்தம்தான் இன்சூரன்ஸ், அதுதான் பேங்கு. அந்த ஐக்கியத்தை நான் குறைத்துப் பேசவே மாட்டேன்.

ஆனால் நன்றாக நினைத்துப் பாருங்கள், அங்கேயும் எல்லை இருந்தது. யார் வீட்டுக்கு எந்த நேரத்தில் போகலாம், யார் முன்னால் எதைப் பேசலாம், குடித்துவிட்டு வருகிறவனை எந்தப் பெரியவர் அதட்டி வாசலிலேயே நிறுத்துவார், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று, சனங்கள் தாமான் (டவுன் குடியிருப்பு) வீடுகளுக்கும் ஈப்போ, பினாங்கு, ஜோகூர் என்றும் சிதறிய பிறகு, அதட்டுகிற பெரியவரும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்து வீடும் இல்லை. அன்றைக்கு லயமே காத்ததை இன்றைக்கு நாமே வாய் திறந்து சொல்லித்தான் காக்க வேண்டியிருக்கிறது.

மாமியாரோட ஒரே வீடு. என் ரூம்குள்ள வந்து அலமாரியைத் திறந்து பார்க்கிறாங்க. என்ன செய்றது?

முதலில் பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய அம்மா, அவர் சொன்னால் அது மகன் பேச்சு, நீங்கள் சொன்னால் அது மருமகள் வாய். ஆதியாகமம் 2:24-ல் "விட்டு" என்று சொல்லியிருப்பதும் புருஷனைப் பார்த்துத்தான். "அம்மா, எங்க ரூம்ல ஏதாவது வேணும்னா எங்கிட்ட கேளுங்க, நான் எடுத்துத் தரேன். நாங்க இல்லாதப்ப கதவு சாத்தியே இருக்கட்டும்" என்று அவர் சாதாரணமாக, வேறு யாரும் இல்லாதபோது, ஒரு தடவை சொன்னால் போதும். நாத்தனார் வந்திருக்கும் நாளில் சொன்னால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

மாமியார் ஏன் திறக்கிறார் என்றும் பாருங்கள். மலிவு விலை வீட்டில் இடமே கொஞ்சம், அந்த ரூமில்தான் அவருடைய பழைய பட்டுச் சேலையும் பத்திரங்களும் இருக்கும். அதை எல்லாம் வெளியே எடுத்து, முன்னறையில் அவருக்கென்று பூட்டு போட்ட ஓர் அலமாரியை வைத்துச் சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். அவருக்கும் ஓர் எல்லை கிடைத்த மாதிரி ஆகும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது, பெரியவர்கள் தலையிடுவது எல்லாமே தப்பில்லை. காலை முதல் சாயங்காலம் வரை தனியாளாக நியாயம் விசாரித்துக் களைத்துப்போகிறாயே, நல்ல ஆட்களை வைத்துப் பிரித்துக் கொடு என்று மோசேக்குச் சொன்னது மாமனார் எத்திரோ. மோசே கேட்டார், பிழைத்தார் (யாத்திராகமம் 18). பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் மாமியார் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அண்ணன் மாசா மாசம் பணம் கேட்கிறார். இல்லைன்னா "நீயெல்லாம் கிறிஸ்தவளா"ன்னு கேட்கிறார்.

மறுபடி அதே கேள்விதான், முடியவில்லையா, மனமில்லையா? ஃபாக்டரியில் ஆள் குறைத்ததில் வேலை போய், அடுத்த வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், தன் சொந்தத்தைக் கவனிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. வேலைக்கே போக மாட்டேன் என்கிறவருக்கு 2 தெசலோனிக்கேயர் 3:10. அங்கே "வேலை செய்ய மனதில்லாதிருந்தால்" என்றுதான் எழுதியிருக்கிறது, வேலை கிடைக்காதவனைச் சாப்பிடாதே என்று வேதம் சொல்லவில்லை.

கொடுப்பதாக இருந்தால் கடன் என்று கொடுக்காதீர்கள். திரும்ப வராவிட்டாலும் மனசு தாங்கும் என்கிற தொகையை எடுத்து, "இது கடன் இல்லை, இந்த மாசத்துக்கு இவ்வளவுதான் என்னால முடியும்" என்று சொல்லிக் கொடுங்கள். பணமாகவே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, பிள்ளைகளின் ஸ்கூல் பஸ் காசை நேராக பஸ்காரரிடம் கட்டலாம், அரிசி மூட்டையை வீட்டில் இறக்கலாம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் வாடகையும் மோட்டார் தவணையும் போக உங்கள் கையில் என்ன நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

இன்னொன்று. 2024 மே மாதத்திலிருந்து ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது, அதில் மூன்றாவது கணக்கிலிருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, "உன் மூணாவது கணக்குல இருக்குமே" என்று கேட்கிறார்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. "அதை எடுக்கிறதில்லைன்னு வீட்ல முடிவு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

சித்தப்பா கார் வாங்க காரண்டர் கையெழுத்துக் கேட்கிறார். வெறும் கையெழுத்துதானேங்கிறார்.

வெறும் கையெழுத்து இல்லை. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பேங்குக்குக் கொடுக்கிற வாக்கு. குடும்பத்தாரின் கார், வீடு, படிப்புக்காக லாபம் எதுவும் இல்லாமல் காரண்டர் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் கடன் பாக்கிக்காக உங்கள்மேல் பேங்கு வழக்குப் போட முடியும், அது அப்படியேதான் இருக்கிறது.

நீதிமொழிகள் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 6-ஆம் அதிகாரத்தில் பிணைப்பட்டுவிட்டவனைப் பார்த்து, தூங்காதே, போய் வருந்திக் கேட்டு, வேடன் கையிலிருந்து மான் தப்புகிற மாதிரி தப்பித்துக்கொள் என்கிறது. 22-ஆம் அதிகாரம், கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கிற படுக்கையைக்கூட எடுத்துக்கொண்டு போவார்களே என்று கேட்கிறது. என் பதில் ஒரே வரி: கையெழுத்துப் போடாதீர்கள். "சித்தப்பா, யாருக்கும் காரண்டர் நிக்கிறதில்லைன்னு நாங்க முடிவு செஞ்சிட்டோம், உங்களுக்கு மட்டும் இல்ல." முன்பணத்துக்கு உங்களால் முடிந்ததைக் கொடுத்தாலும் அது ஒரு தடவையோடு போய்விடும், கையெழுத்து கூடவே வரும். ஏற்கெனவே போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள், கடன் ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

அத்தை கூட்டு பிடிக்கிறாங்க. சேரலைன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறாங்க.

கூட்டு, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு முறை வைத்து எடுக்கிற சீட்டு, நடத்துவது இந்த நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. அத்தை நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நடுவில் ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும், அடுத்த கல்யாண வீட்டில் இறங்கிவிடும்.

தம்பி ஆலோங்கிட்ட கடன் வாங்கிட்டு என் வீட்டு அட்ரசைக் கொடுத்திருக்கான். கேட்ல தம்பி படத்தை ஒட்டிட்டுப் போறாங்க.

முதல் வேலை போலீஸ் ரிப்போர்ட். தம்பியைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள், ஆலோங் மாதிரி லைசன்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவதுதான் குற்றம், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒட்டிய காகிதம், வந்த மெசேஜ், போன் நம்பர் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். சாயம் ஊற்றியிருந்தால் படம் எடுத்த பிறகு கழுவுங்கள்.

நீங்கள் ஒரு தடவை கட்டினால் அந்த வீட்டில் பணம் இருக்கிறது என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள். தம்பி அதிர்ந்துபோய் இருப்பான், அவனை வெறுக்காமல் கூடப் போங்கள், ஸ்டேஷனுக்குக் கூடப் போங்கள், சபையில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயிருக்குப் பயந்து இருக்கிறவனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. சூதாட்டக் கடன் என்றால் பணம் மட்டும் அவன் கையில் வரக்கூடாது, முடிந்தால் அவன் சம்பளத்தையே கொஞ்ச காலம் நம்பிக்கையான வேறு ஒருவர் கையாளட்டும், ஆனால் அதற்கு அவன் சம்மதிக்க வேண்டும்.

எல்லாம் சரிக்கா, "முடியாது"ங்கிற வார்த்தையே வாயில வர மாட்டேங்குது.

நிறையப் பேருக்கு இதுதான் உண்மையான பிரச்சினை. அதனால்தான் "பார்க்கலாம்", "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்", "அடுத்த மாசம்" என்று இழுக்கிறோம். கேட்டவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார், அடுத்த மாசம் போனை எடுக்காமல் ஒளிகிறோம். மத்தேயு 5:37, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள். காத்திருக்க வைத்து ஏமாற்றுவதைவிட அன்றைக்கே இல்லை என்பது மரியாதை.

காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். "மாமா, இது என்னால செய்ய முடியாது. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரல். செய்ய முடிந்தது ஏதாவது இருந்தால் கூடவே சொல்லுங்கள்: "பணம் முடியாது, ஆனா ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்." பயமாக இருந்தால் முன்னாடியே கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெபித்துவிட்டுப் போங்கள்.

சொல்லாம கொள்ளாம வந்து நாலு நாள் தங்கிடுறாங்க. ஸ்கூல் லீவுன்னா பயமா இருக்கு.

நீதிமொழிகள் 25:17, அயலான் சலித்து வெறுக்காதபடிக்கு அவன் வீட்டில் அடிக்கடி கால் வைக்காதே. லீவுக்கு முன்பே நீங்களே போன் போட்டு, "வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ஆராதனை முடிஞ்சு சாப்பிட்டுட்டுக் கிளம்புற மாதிரி வாங்க" என்று கூப்பிட்டுவிடுங்கள். நாமே கூப்பிட்டால் நாளையும் நாமே சொல்லலாம்.

"கல்யாணம் எப்போ", "இன்னும் புழு பூச்சி இல்லையா", "ஏன் இப்படி ஊதிட்டே"... கிறிஸ்துமஸ் விருந்துல இதேதான்.

"கர்த்தர் நேரம் குறிக்கட்டும் அத்தை, நீங்க முறுக்கு எடுத்துக்கோங்க." ஒரு தடவைக்கு இது போதும். பிள்ளை இல்லாத தம்பதியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கணவர் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, அந்தப் பேச்சு அவளை அழ வைக்குது, இனி கேட்காதீங்க" என்று நேராகவே சொல்ல வேண்டும். ரட்சிக்கப்பட்டவர்களே இப்படிப் பேசுவது எனக்குத் தாங்கவே முடியாத ஒன்று.

எங்க சொந்தம் பாதிப்பேர் இந்துக்கள். தாத்தா கருமாதிக்குப் போகலாமா? படையல் சாப்பாட்டை என்ன செய்றது?

போங்கள். முதல் ஆளாகப் போங்கள், பந்தல் கட்டுங்கள், நாற்காலி இறக்குங்கள், பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். இழவு வீட்டுக்கு வராத பேரன் என்ற பெயர் ஏசுவுக்கு மகிமை சேர்க்காது. சடங்கில் எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை முதல் நாளே பெரியப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: "நான் கூடவே இருப்பேன் பெரியப்பா, எல்லா வேலையும் செய்றேன், படையலுக்கு முன்னாடி கும்பிடுறது மட்டும் என்னால முடியாது, அப்ப நான் பின்னாடி நின்னுக்கிறேன்." சடங்கு நடக்கும்போது முகத்தைத் திருப்பி எல்லோர் முன்னாலும் காட்டிக்கொள்வதுதான் காயப்படுத்துகிறது. நாகமானை எடுத்துக்கொள்ளுங்கள். தன் எஜமான் கையைத் தாங்கி ரிம்மோன் கோவிலுக்குள் போக வேண்டியிருக்கிறதே என்று கலங்கியபோது எலிசா, சமாதானத்தோடே போ என்றார் (2 இராஜாக்கள் 5). அதை எல்லாவற்றுக்கும் அனுமதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குடும்பக் கடமையில் மாட்டிக்கொண்ட புது விசுவாசியைத் தீர்க்கதரிசி திட்டவில்லை.

சாப்பாட்டுக்கு 1 கொரிந்தியர் 10:27, 28. முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பந்தியில் போடுகிற சோற்றைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். இதில் சபைக்குச் சபை பழக்கம் வேறாக இருக்கும், உங்கள் மனச்சாட்சி அனுமதிக்காததை யாருக்காகவும் செய்யாதீர்கள். அதே மாதிரி அவர்களுக்கும் எல்லை உண்டு. கருமாதி வீட்டில் துண்டுப்பிரதி கொடுப்பதும், தாத்தா எங்கே போயிருப்பார் என்று பேசுவதும் நாம் தாண்டுகிற எல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மன்னிச்சிட்டேன்னா பழையபடி நம்பணுமா? ஏழெழுபது தரம்னு இருக்கே.

மன்னிப்பு என் பக்கம், நம்பிக்கை அவர்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது. யோசேப்பைப் பாருங்கள். தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை முதல் தடவையே அடையாளம் கண்டுகொண்டார், ஒதுங்கிப் போய் அழவும் செய்தார், பணத்தைத் திருப்பிச் சாக்கிலேயே வைத்து அனுப்பினார். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் சொன்னார் (ஆதியாகமம் 42 முதல் 45 வரை). தன்னை விற்றவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். அதை யாரும் மன்னியாத குணம் என்று சொல்வதில்லை. அதனால் நகையை அடகு வைத்துத் திருப்பாத அக்காவை மன்னித்து, கட்டிப் பிடித்து, கூடச் சாப்பிடலாம். அடுத்த தடவை நகையைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வீட்ல அடிக்கிறாங்க. சபைல பொறுத்துப் போன்னு சொல்றாங்க. பிள்ளைகிட்ட தப்பா நடக்கிற சொந்தக்காரர் இருந்தாலும் குடும்ப மானம்ங்கிறாங்க.

இதுவரை சொன்ன மென்மையான வார்த்தைகள் எதுவும் இங்கே பொருந்தாது. அடி விழுகிற இடத்திலிருந்து முதலில் வெளியேறுங்கள். மத்தேயு 18-ல் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று இருப்பதைக் காட்டி, அடிக்கிறவனிடம் தனியாகப் போகச் சொல்கிற ஆலோசனையைக் கேட்காதீர்கள். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது ஓடித்தான் தப்பினார், சவுல் அவருக்கு மாமனார். குடும்ப வன்முறைச் சட்டம் 1994 இருக்கிறது, தாலியான் காசே என்கிற உதவி எண் 15999-ஐ எந்நேரமும் கூப்பிடலாம், போலீஸில் சொல்லிப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

பிள்ளை வந்து ஒருவரைப் பற்றிச் சொன்னால் நம்புங்கள், அன்றைக்கே ரிப்போர்ட் செய்யுங்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம். மாமாவாக இருந்தாலும் சரி, சபை மூப்பராக இருந்தாலும் சரி. இந்தச் சின்னவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி ஏசு சொன்னது மத்தேயு 18:6-ல் இருக்கிறது, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்றார். குடும்ப மானம் பேசுகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூணு தடவை நான் ஒருத்திதான் கூட்டிட்டுப் போறேன். கூடப் பிறந்தவங்க யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை. எனக்கும் எல்லை உண்டா?

உண்டு, ஆனால் அதை அம்மாவிடம் வைக்காதீர்கள், கூடப் பிறந்தவர்களிடம் வையுங்கள். அம்மாவால் முடியவில்லை, அவர்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், போய் வருகிற நேரம் தனி, அதற்கு நீங்கள் எத்தனை நாள் சம்பளத்தை இழக்கிறீர்கள், மருந்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன ஆகிறது, எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். குடும்ப வாட்சாப் குழுவில் புலம்பாமல் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "சனிக்கிழமை உன் முறை, வர முடியாதுன்னா அன்னைக்கு வண்டிக் காசு நீ கட்டணும்" என்று கேளுங்கள். "யாராவது உதவி செய்யுங்க" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். பேர் சொல்லி, நாள் சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்று 1 தீமோத்தேயு 5:4 சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், வீட்டோடு இருக்கிற மகளுக்கு மட்டும் இல்லை. சபையும் இதில் ஒதுங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிப் போக ஒரு வாலிபரையாவது நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும், எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

நான் எல்லை வச்சதும் பேச்சையே நிறுத்திட்டாங்க. குடும்பம் உடைஞ்சதுக்கு நான்தான் காரணமா?

ரோமர் 12:18-ல் "கூடுமானால்" என்றும் "உங்களாலானமட்டும்" என்றும் இரண்டு வார்த்தை இருக்கிறது. உங்கள் பங்கைச் செய்யுங்கள். பிறந்தநாளுக்கு மெசேஜ் போடுங்கள், உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், பேசாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். மற்ற சொந்தங்களிடம் அவர்களைப் பற்றிக் குறை பேசாதீர்கள், அது நாலு நாளில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பேச்சு திரும்ப வர வேண்டும் என்பதற்காகக் காரண்டர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஏசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை, பண்டிகைக்கு யூதேயாவுக்குப் போய் எல்லோரும் பார்க்கச் செய் என்று தூண்டினார்கள். என் வேளை இன்னும் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றார் (யோவான் 7). அவர்கள் சொன்னபடி அவர் செய்யவில்லை, அவர்களை விட்டும் விடவில்லை. அப்போஸ்தலர் 1:14-ல் மேல்வீட்டில் ஜெபத்தில் தரித்திருந்தவர்களின் பட்டியலில் தாயோடு அந்தச் சகோதரரும் இருக்கிறார்கள். நடுவில் என்னென்ன கஷ்டம் நடந்தது என்று சுவிசேஷங்களை வாசித்தால் தெரியும். உங்கள் அக்கா நாளைக்கே போன் பண்ணுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவர் நம்பரை மட்டும் பிளாக் பண்ணாமல் வைத்திருங்கள்.